வெள்ளெழுத்து வந்தால் முதலில் அளக்க வேண்டியது தூரம்

உங்களுக்கு 44 வயது. இதுவரை கண்ணாடி போட்டதில்லை. ஆறு மாதமாக போனையும் மருந்துச் சீட்டையும் கையை நீட்டிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது, இரவில் இன்னும் மோசம், சாயங்காலமானால் நெற்றி வலிக்கிறது. கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகி, பவர் ஏறிக்கொண்டே போகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொட்டு மருந்து, லேசர், கண் பயிற்சி இதில் எதிலாவது சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். நல்ல பெயர். எழுத்து ஒரேயடியாக மறைந்துவிடாது. முதலில் அதன் கறுப்பு வெளுக்கும். மங்கலான வெளிச்சத்தில் சின்ன எழுத்து சாம்பல் நிறமாகி, தாளோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். சாளேசரம் என்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. மருத்துவர்கள் பிரஸ்பையோபியா என்பார்கள். பலரும் இதைத் ‘தூரப்பார்வை’ என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள். தூரப்பார்வை என்பது கண்ணின் அளவையும் வளைவையும் பொறுத்த விஷயம், சின்னக் குழந்தைக்குக்கூட இருக்கலாம். வெள்ளெழுத்து வயதால் வருவது, விதிவிலக்கில்லாமல் எல்லோருக்கும் வருவது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் ஓட்டைதான் பாப்பா. அதற்குப் பின்னால் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு லென்ஸ் இருக்கிறது. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. இரண்டையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. தூரத்தைப் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும், நார்கள் விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும், லென்ஸ் தட்டையாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்குகிறது, வளையம் சிறிதாகிறது, நார்கள் தொய்கின்றன, லென்ஸ் தன் இயல்பில் உருண்டு தடிக்கிறது. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் கொடுத்த விளக்கம் இது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1801-இல், ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் தன் கண்ணோடு ஒட்டி நீர் நிரப்பிய குழாயை வைத்துப் பார்த்திருக்கிறார். கண்ணின் முன்பக்கத்தில் ஒளி புகும் படலம்தான் கருவிழி; அதன் வளைவு செய்யும் வேலையை அந்தக் குழாயின் நீர் செயலிழக்க வைத்துவிடும். அப்படியும் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் அவரால் பார்வையை மாற்ற முடிந்தது. மாறுவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்பது அப்படித்தான் உறுதியானது. கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில் தன் கண்ணையே வைத்து இதைக் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்த லென்ஸ் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. வெளிப்புறத்தில் புதுப்புது அடுக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் பழைய அடுக்கு எங்கும் போகாது. நாம் பிறப்பதற்கு முன்பே உருவான இழைகள் இன்றும் அதன் நடுவில் இருக்கின்றன. ரத்த ஓட்டம் கிடையாது, பழசைக் கழித்துப் புதுப்பிக்கும் வழியும் கிடையாது. வருடம் போகப்போக அது இறுகுகிறது. தசை சுருங்கி இடம் கொடுத்தாலும் லென்ஸ் உருள மறுக்கிறது.

இதனால்தான் கண் பயிற்சி இதற்கு உதவுவதில்லை. பயிற்சி தசைக்கு. குறை இருப்பது தசையில் அல்ல. உருண்டு பார்க்கும் அந்தத் திறனை டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு) கணக்கில் அளக்கிறோம்: பத்து வயதில் சுமார் 14, நாற்பதில் 5-க்குப் பக்கம், அறுபதில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. 100-ஐ டயாப்டரால் வகுத்தால் எவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம் என்பது சென்டிமீட்டரில் வரும். பத்து வயதுப் பிள்ளை 7 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்த்துவிடும். நாற்பதில் அது 20 சென்டிமீட்டராகிறது. இறக்கம் சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது. நாம் படிக்கும் தூரத்தை அது எட்டும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 44 வயதில் உங்களிடம் 4 டயாப்டர் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுசையும் செலவழித்தால் 25 சென்டிமீட்டரில்கூடப் படிக்கலாம், ஆனால் சில நிமிடம்தான். நீண்ட நேரம் சிரமமில்லாமல் பார்க்க, இருப்பதில் பாதியைத்தான் செலவழிக்க முடியும். பாதி என்றால் 2 டயாப்டர், அதாவது 50 சென்டிமீட்டர். நீங்கள் கையை நீட்டிப் பிடிக்கும் தூரம் ஏறக்குறைய அதுதான், அளந்து பாருங்கள். சாயங்காலத் தலைவலிக்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்: நாள் முழுக்க அந்தத் தசை முழு இழுப்பில் வேலை செய்கிறது.

கண்ணாடி போட்டால் கண் பழகிவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றும் புரிகிறது. கண்ணாடி போட்டு ஒரு மாதம் தெளிவாகப் படித்தவர் அதைக் கழற்றிப் பார்த்தால் முன்பைவிட மோசமாகத் தெரிகிற மாதிரி இருக்கும். முன்பு முக்கி முக்கிப் படித்தார், மங்கலையே தெளிவு என்று நினைத்திருந்தார். இப்போது வித்தியாசம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் பவர் ஏறுவதும் உண்மைதான், ஆனால் அது கண்ணாடி போட்டதால் அல்ல. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் அதே வேகத்தில்தான் இறுகும். நாற்பதில் போட ஆரம்பித்தவருக்கும், பிடிவாதமாக ஐம்பத்திரண்டு வரை போடாமல் இருந்தவருக்கும் ஐம்பத்திரண்டில் ஏறக்குறைய ஒரே பவர்தான் வரும். இரண்டாமவர் பன்னிரண்டு வருடம் சிரமப்பட்டதுதான் மிச்சம். அந்தச் சிரமத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அசாமில் தேயிலை பறிக்கும், நாற்பது வயது கடந்த 751 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் பறிக்கும் அளவு, கிடைக்காதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. புத்தகம் படிப்பதற்கு மட்டும்தான் இது தேவை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, கண்ணாடி. இங்கே பலரும் தவறவிடும் விஷயம் தூரம். ‘என் வயதுக்கு என்ன பவர்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் உத்தேசம் உண்டு: நாற்பதுகளின் தொடக்கத்தில் +1, ஐம்பதை ஒட்டி +1.5 முதல் +2, அறுபதில் +2.5. ஆனால் அது 40 சென்டிமீட்டரில் புத்தகம் படிப்பதற்கான கணக்கு. உங்கள் வேலை வேறு தூரத்தில் இருந்தால் கணக்கும் வேறு.

ஒரு தையல்காரர் வந்தார், 53 வயது. கடையில் வாங்கிய +2.5 கண்ணாடி வைத்திருந்தார். ஊசியில் நூல் கோக்கிறார், ஒரு குறையும் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் தையல் மங்குகிறது, குனிந்து குனிந்து கழுத்து வலி, இன்னும் பவர் கூட்டிக் கொடுங்கள் என்றார். ஒரு மேஜை முன் உட்கார வைத்து, தைக்கிற மாதிரி கையை வைக்கச் சொன்னேன். கண்ணுக்கும் விரல் நுனிக்கும் நடுவே டேப்பைப் பிடித்தேன். 52 சென்டிமீட்டர். +2.5 போட்டால் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கும், அதனால்தான் தலை தானாகத் துணியை நோக்கிப் போயிருக்கிறது. தைப்பதற்கு +1.25 எழுதிக் கொடுத்தேன், வைத்திருந்ததில் பாதி. நூல் கோக்கப் பழையது போதும் என்றேன். சோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தில் அந்த லென்ஸைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, பவர் கூடினால் பார்வை கூடும் என்பது இல்லை. பவர் கூடினால் தெளிவு கண்ணுக்கு அருகில் வரும், தொலைவில் இருப்பது கைவிட்டுப் போகும். கம்ப்யூட்டர் திரை பெரும்பாலும் 60, 70 சென்டிமீட்டரில் இருக்கும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வருகிறவர்கள் ஏராளம். பரிசோதனைக்குப் போகும் முன் வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். போன் பிடிக்கும் தூரம், திரை இருக்கும் தூரம், கைவேலை ஏதாவது இருந்தால் அதன் தூரம். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. இரண்டு கண்ணும் சமமாக இருந்து, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததற்கான பவர்) இல்லாதவருக்கு அது போதுமானதே. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் தேவைப்பட்டால் தலைவலி தரும், அவ்வளவுதான். எனக்கு அதில் உள்ள கவலை வேறு. வெள்ளெழுத்துக்காகப் பரிசோதனைக்கு வருகிறவரின் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. கண் அழுத்த நோய் வலியில்லாமல், ஓரத்துப் பார்வையைத் தின்றுகொண்டே வரும், நாற்பதுக்குப் பிறகு அதிகம் வரும். ரெடிமேட் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிறவரிடம் அதைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. வாங்குங்கள், ஆனால் ஒரு முறையாவது கண்ணைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி வேண்டும் என்றால் பைஃபோகல் பழைய வழி. பெஞ்சமின் பிராங்ளின் 1780-களில் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை வர்ணித்திருக்கிறார். மேல்பாதி தூரம், கீழ்ப்பாதி கிட்டம், நடுவில் கோடு. புரோகிரசிவ் 1959-இல் பிரான்சில் வெரிலக்ஸ் என்ற பெயரில் வந்தது. மேலிருந்து கீழாகப் பவர் மெல்ல மெல்ல ஏறும், கோடு தெரியாது. ஆனால் தெளிவு ஒரு குறுகிய நடைபாதை மாதிரி நடுவில் மட்டும் இறங்கும், இரண்டு ஓரமும் கீழே கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். இது தயாரிப்புக் குறை இல்லை, அந்த வளைவின் இயல்பே அப்படி. அதனால் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பாமல் தலையையும் திருப்பப் பழக வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஆகும். மாடிப்படி இறங்கும்போது மோவாயைக் கீழே தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கி, இருக்கும் இடம் தப்பாகத் தெரியும். பைஃபோகலும் புரோகிரசிவும் போடும் முதியவர்கள் தடுக்கி விழுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே அதிகம் நடக்கிறவர்களுக்குத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

புரோகிரசிவ் சரிவரவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு பவர் சரியாகத்தான் இருக்கும், பொருத்திய உயரம் பிசகியிருக்கும். சட்டத்தை முகத்தில் மாட்டி, மூக்குப் பகுதியைச் சரிசெய்த பிறகுதான் பாப்பாவின் உயரத்தைக் குறிக்க வேண்டும். முகத்தில் மாட்டாமலே உத்தேசமாகக் குறித்துக்கொண்டால் நீங்கள் தாராளமாக மறுக்கலாம். நாள் முழுக்கத் திரை முன் இருப்பவர்களுக்கு, திரைக்கும் மேஜைக்கும் மட்டும் அகலமாக இடம் கொடுக்கும் ஆபீஸ் லென்ஸ் இதைவிட நிம்மதி.

காண்டாக்ட் லென்ஸிலும் வழி இருக்கிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைப்பது மோனோவிஷன். மூளை தேவைப்பட்ட படத்தை எடுத்துக்கொள்ளும். பலருக்குச் சில நாளில் பழகிவிடுகிறது, சிலருக்கு எப்போதுமே ஒத்துவராது. ஆழம் கணிப்பதில் கொஞ்சம் இழப்பு உண்டு, இரவில் வண்டி ஓட்டுவோருக்கு இடைஞ்சலாகலாம். ஒரே லென்ஸில் பல பவர் உள்ளதும் கிடைக்கிறது, அதில் எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறையும்.

சொட்டு மருந்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். படிக்க முடியாத சின்ன எழுத்து உள்ள மருந்து அட்டை ஒன்றை நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். ஆள்காட்டி விரலை மடக்கி, நடுவே ஊசிமுனை அளவு மட்டும் ஓட்டை விட்டு, அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். எழுத்து சட்டென்று கறுத்துத் துலங்கும். ஓட்டை சிறிதானால் பல தூரங்கள் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாக விழும். வெயிலில் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிவதற்கும், இரவில் முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே. வெயிலில் பாப்பா சுருங்குகிறது, இருட்டில் விரிகிறது. படிக்கும் இடத்தில் ஒரு நல்ல விளக்கு வைத்தாலே சில மாதங்களுக்கு நிம்மதி கிடைக்கும்.

மருந்து செய்வதும் பாப்பாவைச் சுருக்குவதுதான். பைலோகார்பைன் நூறு வருடத்துக்கும் மேலாகக் கண் அழுத்த நோய்க்குப் பயன்பட்டது. அதன் 1.25 சதவீதச் சொட்டுக்கு 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெள்ளெழுத்துக்காக அனுமதி கொடுத்தது. 2025 ஜூலையில் அசெக்ளிடைன் என்ற இன்னொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. சில மணி நேரம் கிட்டத்தில் தெளிவு தரும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். லென்ஸின் இறுக்கம் அப்படியே இருக்கும். புருவத்தில் வலி, கண் சிவப்பு, மங்கிய வெளிச்சத்தில் இருட்டிக்கொண்டு வருவது எல்லாம் உண்டு. அரிதாக விழித்திரை கிழிந்த, விலகிய நிகழ்வுகளும் பதிவாகியிருப்பதால், கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள் விழித்திரையைப் பரிசோதிக்காமல் தொடவே கூடாது. ஒரு விசேஷ நாளில் கண்ணாடி வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஏற்ற மருந்து, மருத்துவர் சொன்னால் போடலாம். தினசரி வாழ்க்கைக்குக் கண்ணாடிக்கு மாற்றாக இதை நான் சொல்ல மாட்டேன்.

லேசரும் இறுகிய லென்ஸை இளக்குவதில்லை. கருவிழியின் வளைவை மாற்றி, ஒரு கண்ணைக் கிட்டத்துக்கு விடுவதே பெரும்பாலும் செய்யப்படுவது, அதாவது நிரந்தர மோனோவிஷன். செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், முதலில் அதே ஏற்பாட்டைக் காண்டாக்ட் லென்ஸில் சில வாரம் போட்டுப் பழகிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் லென்ஸைக் கழற்றிவிடலாம், அறுவையைக் கழற்ற முடியாது. கருவிழிக்குள் சின்ன வில்லையைப் பதிக்கும் முறையும் வந்தது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு வகை, கருவிழி மங்கியதால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டது.

லென்ஸையே எடுத்துவிட்டு, பல தூரத்துக்கான செயற்கை லென்ஸ் வைப்பது இன்னொரு வழி. கண்புரை வந்தவர்களுக்கு எப்படியும் அறுவை தேவைப்படும், அவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம். வெளிச்சத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பதால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், கறுப்பு வெள்ளை வித்தியாசம் கொஞ்சம் மட்டுப்படும். சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸ் வைத்துக்கொண்டால் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும், ஆனால் பார்வை துல்லியமாக இருக்கும். தெளிவான லென்ஸோடு இருக்கும் 44 வயதுக்காரர் வெள்ளெழுத்துக்காக மட்டும் இதைச் செய்வதை நான் ஆதரிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். அறுபது, எழுபது வயதில் ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கத் தொடங்கினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகி ஒளியைக் கூடுதலாக வளைப்பதால் கிட்டத்தில் தெளிவு வருகிறது, தூரம் மங்கிவிடும். அடுத்தது சர்க்கரை. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸின் பவரும் மாறும். அந்தச் சமயத்தில் வாங்கிய கண்ணாடி சில வாரத்தில் பொருந்தாமல் போகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு பவர் பாருங்கள்.

வெள்ளெழுத்து மெதுவாக, இரண்டு கண்ணிலும் வரும். ஒரு கண்ணில் மட்டும் மங்கினால், ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தால், மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தால், திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், வலியோடு சிவந்தால், அது வேறு. அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு என்ன செய்யலாம்? முழுக் கண் பரிசோதனை ஒன்று. தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் +1-ஐ ஒட்டிய ஒற்றைப் பவர் கண்ணாடி போதும், புரோகிரசிவுக்கு இப்போது அவசரமில்லை. கண்ணாடியோடும் தலைவலி தொடர்ந்தால் உங்களுக்குத் தெரியாமலே கொஞ்சம் தூரப்பார்வை இருந்திருக்கலாம். அந்தத் தசையைத் தளர்த்தி பாப்பாவையும் விரிக்கும் சொட்டு போட்டுப் பவர் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும், அப்படிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சொட்டு போடும் நாளில் சில மணி நேரம் எல்லாம் கலங்கலாக இருக்கும் என்பதால் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பழைய கண்ணாடி எதுவும் உங்களிடம் இல்லை, அதனால் போனையும் தூரம் எழுதிய அந்தத் தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.